பியானோத் துரையின் பாட்டும் வேலாயியின் தொண்டையும்

கரடிப்பாறைத் தோட்டத்து வேலாயிக்குச் சொந்தமென்று இருந்தது அவளுடைய தொண்டை ஒன்றுதான். கொழுந்துக் கூடை தோட்டத்துடையது, குடியிருந்த லயத்து வரிசையில் ஓரறைக் காம்பரா தோட்டத்துடையது, காலைக் கடித்த அட்டைகூடத் தோட்டத்து அட்டை. தொண்டையை மட்டும் எந்தத் துரையும் கொடுக்கவில்லை. அதனால் அதை அவள் தாராளமாகச் செலவழித்தாள். மலையுச்சியில் நின்றுகொண்டு, கீழே பள்ளத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் புருஷன் சடையனைப் பார்த்து, "யோவ், கஞ்சி குடிக்க வாய்யா!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். சடையன் வருகிறானோ இல்லையோ, அடுத்த தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கஞ்சிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆள்மேல் ஆள் அனுப்பிச் சண்டை பிடித்தும் ஒன்றும் ஆகவில்லை. தொண்டைக்குப் பூட்டா போட முடியும்?

போட முடியும் என்று ஒரு துரை வந்து காட்டினார். அந்தக் கதைதான் இது. அதற்கு முன்னால் அந்தத் தொண்டை திறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஒரு கூட்டத்தில், பாவாடை கட்டிய சின்னப் பெண்ணாக வேலாயி ஆத்தாள் கையைப் பிடித்துக்கொண்டு இலங்கைக் காட்டு வழியில் நடந்து வந்தாள். பாதி வழியில் ஆத்தாள் கழிச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். கூட்டத்தில் மிச்சமிருந்தவர்கள் எல்லாம் ஆண்கள். ஒரு பொம்பளை செத்துக் கிடக்கிறாள், அழுவதற்கு ஒரு பொம்பளை இல்லை. ஆண்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அந்தச் சின்னப் பெண் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஊரில் கேட்ட ஒப்பாரியைத் தனக்குத் தெரிந்த மட்டும் எடுத்தாள். மரத்திலிருந்த குரங்கெல்லாம் இறங்கி ஓடியதாம். அன்றைக்குத் திறந்த தொண்டை.

அப்புறம் மடுல்சீமை மலையில் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் வேலாயிக்கு ஆள் வரும். சும்மா சொல்லக் கூடாது, அவள் பாடினால் செத்தவனுக்கே தான் இவ்வளவு நல்லவனா என்று சந்தேகம் வந்துவிடும். பெண்டாட்டியை அடித்தே கொன்றவனை "தங்கக் குணத்தவரே" என்பாள். அடுத்தவன் சாராயத்தைத் தவிர வேறெதையும் குடிக்காதவனை "வாரி வழங்கின கை" என்பாள். எல்லாரும் ராசா, எல்லாரும் மகாராசா. ஒப்பாரியில் உண்மை பேசினால் பிணம் பாடையை விட்டு இறங்கிவிடும் என்பது அவள் கட்சி.

சடையனுக்கு மட்டும் அதில் ஒரு குறை இருந்தது. சடையன் அதிகம் பேசாத ஆள். அவன் போடும் சத்தமெல்லாம் தூக்கத்தில்தான். குறட்டை விட்டால் கூரைத் தகரம் ஆணியோடு ஆடும். அடுத்த காம்பரா இராக்கம்மா சுவரைத் தட்டித் தட்டியே சுவரில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது அவன் கேட்டான்.

"ஏ புள்ள, நான் செத்தா என்னையும் ராசான்னுதான் பாடுவியா?"

"பின்ன? ஊருல போறவன் வாறவனெல்லாம் ராசா. ஒனக்கு மட்டும் என்னய்யா கொறைச்சல்?"

"வேணாம் புள்ள. யாரோ ராசா செத்துட்டாராம்னு எட்டிப் பாப்பானுக, உள்ள நான் கெடப்பேன். வெக்கக்கேடு. கான் வெட்டற சடையன்னே பாடு. கொறட்டை விட்டது, ஒன்னோட கருப்பட்டியத் திருடித் தின்னது, எல்லாத்தையும் சொல்லு. அப்பத்தான் போறது நான்தான்னு எனக்கே வெளங்கும்."

"கருப்பட்டியத் தின்னது நீதானா? பூனைய அடிச்சேனேய்யா!"

"அதையும் பாடு."

"சத்தியமாப் பாடறேன். மொதல்ல நீ சாவு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் சத்தியம் சத்தியம்தான். வேலாயி கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டை மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டாள். உண்மையை வைத்து ஒப்பாரி கட்டுவது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் கரடிப்பாறைக்குப் புதுத் துரை வந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் கில்மோர். லயத்துச் சனம் வைத்தது பியானோத் துரை. பதுளையிலிருந்து பங்களாவரைக்கும் ஒரு கூட்டம் ஆள் அந்தப் பியானோவைத் தோளில் சுமந்து ஏற்றியது. அதில் சடையனும் ஒருவன். இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பெரிய கங்காணிய பாடையில வச்சாக்கூட இம்புட்டுக் கனம் இருக்காது" என்றான். பெரிய கங்காணி அங்கமுத்து பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்த வாரம் முழுக்க சடையனுக்கு அட்டை அதிகமுள்ள மலையில்தான் வேலை.

துரை நல்லவர்தான். அடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். தேயிலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். கிரேக்க தேசத்தில் உலகத்து ஆட்களையெல்லாம் கூட்டி வைத்து ஓடவும் தாண்டவும் விட்டார்களாம், அதற்கென்றே ஒரு பெரிய தோத்திரப் பாட்டுக் கட்டி, நூறு பேர் வாய்விட்டுப் பாட, வாத்தியக்காரர் ஒரு படையே வாசித்ததாம். எந்தப் பத்திரிகையிலோ இதைப் படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கிரேக்கன் செய்ததைப் பதுளையில் செய்தால் என்ன? பதுளைக் குதிரைப் பந்தயத் திடலில் ஏழு தேசத்து விளையாட்டு என்று ஏற்பாடு செய்தார்.

ஏழு தேசத்துக்கு இந்த ஊவா மலைநாட்டில் எங்கே போவது? இங்கிலீஷ்காரர் இருந்தார்கள். இங்கிலீஷ்காரன் வேறு, நாங்கள் வேறு என்று சாதிக்கிற ஸ்கொட்லாந்துக்காரரும் ஐரிஷ்காரர் ஒருவரும் இருந்தார்கள். வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற ஜெர்மன்காரர் ஒருவர். பாலம் கட்ட வந்த டென்மார்க்குக்காரர் ஒருவர். தியத்தலாவையில் யுத்தக் கைதியாக இருந்துவிட்டு, ஊரில் பண்ணை எரிந்துபோனதால் திரும்பாமல் தங்கிவிட்ட தென்னாப்பிரிக்கப் போயர் ஒருவர். இத்தோடு ஆறு. ஏழாவதுக்கு ஆள் அகப்படாமல், பதுளைக் கடைத்தெருவில் அரிசிக்கடை மொஹிதீன் முதலாளியைப் பிடித்து, நீர் அரபு தேசம் என்று கயிறிழுப்பில் சேர்த்தார்கள். மொஹிதீன் பிறந்தது பதுளையில். அவர் பார்த்த தூரதேசம் பக்கத்து ஊர் பண்டாரவளை.

ஆட்டம் முடிவாயிற்று, ஆள் முடிவாயிற்று. பாட்டுத்தான் வரவில்லை. துரை பியானோவில் ஒரு தட்டுத் தட்டுவார். லயத்தில் யாராவது தப்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். துரைக்கு வந்த பாட்டு வந்த வழியே போய்விடும். தோட்டத்துக்குத் தோல்தப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு, மாரியாயி திருவிழாவுக்குத் தப்பு, சாவுக்குத் தப்பு. எல்லாவற்றுக்கும் அடிக்கிறவன் மூக்கன். துரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் பெரிய கங்காணியைக் கூப்பிட்டார். பாட்டு முடிந்து விளையாட்டு நடக்கும்வரை தோட்டத்தில் தப்பும் கூடாது, கூட்டமாகப் பாடுவதும் கூடாது, ஒப்பாரி அறவே கூடாது, மீறினால் அன்றைய பேர் கிடையாது என்று உத்தரவாயிற்று. பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. காலைப் பெரட்டுக்குக் கொம்பு ஊதினார்கள். மூக்கன் தப்பை ஒரு சாக்கில் சுற்றி மோட்டுவளையில் தொங்கவிட்டான்.

அந்த வருஷத்து மழைக்குச் சடையன் காய்ச்சலில் படுத்தான். எழுந்திருக்கவில்லை.

தோட்டம் கண்ட சாவுகளில் அப்படி ஒரு சாவு இல்லை. சத்தமே கிடையாது. பெரிய கங்காணி லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மெல்ல, மெல்ல. தொரை பாட்டுக் கட்டறாரு" என்று விரலை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மூக்கன் தப்பைச் சாக்கோடு தோளில் மாட்டிக்கொண்டு பாடைக்கு முன்னால் சும்மா நடந்தான். வேலாயி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு பின்னால் போனாள். ஊரான் பிணத்துக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்தவள், தன் பிணத்துக்கு ஒரு சொல் கொடுக்க முடியாமல் போனாள். மேலே பங்களாவில் பியானோ மட்டும் டொய்ங் டொய்ங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பியானோவையும் கூடவே குழியில் தள்ளியிருப்பாள்.

அதற்குப் பிறகு மலையில் அவள் சத்தம் கேட்கவில்லை. அடுத்த தோட்டத்தார் கஞ்சி நேரம் தெரியாமல் திண்டாடினார்கள். இராக்கம்மா ஒருநாள் மலையூற்று விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டாள்.

"ஏங்க்கா இப்படி ஊமையாப் போயிட்டீங்க?"

"பாட்டு வெளிய வராம உள்ளயே நிக்குதுடி. சோறு எறங்க மாட்டேங்குது, தூக்கம் வர மாட்டேங்குது. கொறட்டைச் சத்தம் இல்லாத காம்பராவுல எப்படிடி தூங்கறது? அந்த ஆளு வழி தெரியாம இந்தப் பீலிப் பக்கந்தான் நிக்கறாரு. உள்ளதச் சொல்லிப் பாடி அனுப்பறேன்னு சத்தியம் பண்ணினேனே."

"தடை நீங்கினதும் பாடிருங்கக்கா."

"சும்மா எப்படிடி பாட? சாவுத்தப்பு இல்லாம ஒப்பாரி எடுத்தா அடுத்த சாவ வீட்டுக்குக் கூப்புட்ட மாதிரி. ஒங்க வீட்டுல நாலு புள்ளைக இருக்கு."

அதுதான் சிக்கல். தப்பு அடிக்க வேண்டுமென்றால் சாவு விழ வேண்டும். அடுத்த வீட்டுச் சாவில் உட்கார்ந்து தன் வீட்டுப் பிணத்தையும் சேர்த்து அழுவது பெண்களுக்கு உள்ள வழக்கம். ஆகவே துரை தடையை எடுக்க வேண்டும், எடுத்த பிறகு யாராவது சாக வேண்டும். வேலாயி வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் லயத்தில் இருமுகிறவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். கடைசிக் காம்பராவில் பழனியாண்டிக் கிழவன் மூச்சிழுத்துக் கிடந்தான். அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, "எப்படி மாமா இருக்கு?" என்று தினமும் கேட்டாள். கிழவன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"தெரியும்டி ஒன் கரிசனம். ஒம் புருசனுக்கு நீ அழ, நான் சாகணுமா? போடி அங்கிட்டு!"

அந்தக் கோபத்திலேயே கிழவன் எழுந்து உட்கார்ந்தான். வேலாயியின் கஞ்சியில் உடம்பு தேறி விறகு பொறுக்கக் கிளம்பிவிட்டான்.

கடைசியில் துரையின் பாட்டும் ஒருவாறு முடிந்தது. பதுளை வேதக் கோயிலில் பாடுகிற வெள்ளைக்காரத் துரைசாணிகள், பாடசாலைப் பெண்கள், பிடில் ஒன்று, ஹார்மோனியம் ஒன்று, போயர் வைத்திருந்த கைத்துருத்தி வாத்தியம் ஒன்று, கொர்னெட் ஊதத் தபால் கந்தோர் பெரியவர், எல்லாம் சேர்ந்தது. திடலில் ஒத்திகை பார்த்தார்கள். துரைசாணிகள் வாயைத் திறந்ததும் காற்று வந்து பாட்டை வாரிக்கொண்டு போய்விட்டது. பத்தடி தள்ளி நின்ற குதிரைக்குக்கூடக் கேட்கவில்லை. துரை தலையில் கையை வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். வந்த அன்றைக்கு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாய் ஒன்று வேலாயியின் சோற்றுச் சட்டியில் வாய் வைத்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தொண்டை தானாகத் திறந்துவிட்டது. "அடச்சீ! ஒன்னய வாரிக்கிட்டுப் போக!"

துரையின் குதிரை அப்படியே பின்னங்காலில் எழும்பிற்று. துரை இறங்கி, பெரிய கங்காணியைப் பார்த்து, "இந்தப் பொம்பளை வேண்டும்" என்றார். பாட்டின் நடுவில் சொல் இல்லாமல் 'ஆ' என்று மட்டும் நீட்டுகிற இடம் இருக்கிறது, அதற்கு இப்படித் தொண்டையுள்ளவர்களாகப் பத்துப் பேரைப் பொறுக்கித் தா என்றார். வேலாயி கூடையை இறக்கி வைத்தாள்.

"கங்காணியாரே, தொரைகிட்டக் கேளுங்க. எம் புருசனுக்கு நான் வாயத் தொறக்கக் கூடாது, இவரு ஓட்டப் பந்தயத்துக்குத் தொறக்கணுமா? சுடுகாட்டுக்குப் போன மனுசன அனாதைப் பொணமாட்டம் அனுப்பிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தத் தொண்டையக் கேக்கறாரு?"

அங்கமுத்துக் கங்காணி துரை பக்கம் திரும்பி, பணிவாகக் குனிந்து, துரைக்குப் பாடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவள் சொல்வதாக இங்கிலீஷில் சொன்னார். துரை முகம் மலர்ந்து தொப்பியைத் தொட்டார். கங்காணி இந்தப் பக்கம் திரும்பி, "தொரை மன்னிப்புக் கேக்கறாரு. விளையாட்டு முடிஞ்சதுமே தப்புக்குத் தடை இல்லையாம்" என்றார். இப்படி இரண்டு பக்கத்துக்கும் தேன் தடவித்தான் மனுஷன் பெரிய கங்காணியாகவே ஆனார். மன்னிப்பை வேலாயி நம்பவில்லை. தடை நீங்கும் என்பதை நம்பினாள். சரி, ஆ என்றுதானே, தொலையட்டும் என்று சம்மதித்தாள்.

விளையாட்டுக்கு முதல்நாளே மாட்டு வண்டியில் போய், மொஹிதீன் முதலாளியின் கிட்டங்கியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தங்கினார்கள். பத்துப் பேருக்கும் வெள்ளைச் சீலை கொடுத்திருந்தார்கள். "என்னடி இது, பத்து முண்டச்சிகள நிறுத்தி வச்ச மாதிரி?" என்று இராக்கம்மா சிரித்தாள். பிறகு வேலாயியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் ஒருத்தி நெசமாவே முண்டச்சிதானேடி, சிரி" என்றாள் வேலாயி.

விடிந்ததும் ஒரு கூத்து. பாட்டின் நடுவில் கனமாக விழுவதற்கென்று கொழும்பிலிருந்து ஒரு பெரிய மேளம் ரயிலில் பண்டாரவளைக்கு வந்து, அங்கிருந்து வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹாலி-எலவுக்கு இப்பால் வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியிருக்கிறான். மேளத்துக்குப் போர்த்தியிருப்பது தன் இனத்தான் தோல் என்று மாட்டுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, கொம்பால் ஒரே குத்து. கிழிந்த மேளம் திடலுக்கு வந்தது. துரை அழாத குறை. அப்போதுதான் யாரோ, கூட்டத்தில் வேடிக்கை பார்க்க வந்திருந்த மூக்கனைக் காட்டினார்கள். தடை நீங்கினதும் அங்கேயே ஒரு அடி அடித்துப் பார்க்க வேண்டும் என்று அவன் தப்பையும் கொண்டு வந்திருந்தான்.

துரை இங்கிலீஷில் சொன்னதைக் கங்காணி தமிழில் சொன்னார். "நான் கையக் காட்டினதும் அடி. அவசரம் கூடாது. மெதுவா, கனமா, ஒரே சீரா அடிக்கணும்."

மூக்கன் முழித்தான். "கங்காணியாரே, பெரட்டுக்கு அடிக்கறது வெரசா இருக்கும். சாமிக்கு அடிக்கறது அதவிட வெரசு. மெதுவா, கனமான்னா ஒரே ஒரு அடிதான் இருக்கு. அது பொணத்துக்கு அடிக்கறதுங்க. இங்க நம்ம சனம் அம்புட்டும் வேலியோரம் நிக்குது. தொரைகிட்டச் சொல்லிருங்க."

கங்காணி துரையைப் பார்த்தார். துரை ஏற்கனவே தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் போய், தோத்திரத்துக்குச் சாவுமேளம் என்று யார் சொல்வது? "சொன்னத அடிடா, வாய மூடிக்கிட்டு" என்றார் கங்காணி. சொல்ல வேண்டிய நேரத்தில் தேன் தடவினால் எறும்பு வராமல் என்ன செய்யும்?

கொடிகள் ஏழும் ஏறின. மாகாணத்தை ஆளும் ஏஜன்ட் துரையும் பெரிய மனிதர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேலிக்கு வெளியே கரடிப்பாறையும் சுற்றுவட்டாரத் தோட்டங்களும் திரண்டு நின்றன. பாட்டு ஆரம்பமாயிற்று. துரைசாணிகள் ஏதோ பாடினார்கள், பிடில் ஏதோ சொல்லிற்று, ஓட வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். வேலாயியும் மற்ற ஒன்பது பேரும் சொல்லிக் கொடுத்தபடி 'ஆ' என்று எடுத்தார்கள். இப்போது குதிரைக்குக் கேட்டது. துரை பூரித்துப்போய், பின்னால் நின்ற மூக்கனுக்குக் கையைக் காட்டினார்.

மூக்கன் அடித்தான். மெதுவாக, கனமாக, ஒரே சீராக.

வேலியோரத்தில் நின்ற ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். பெண்கள் "ஐயோ, யாரு? யாரு போனது?" என்று கேட்டுக்கொண்டே முடியை அவிழ்த்துவிட்டு வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பிணம் போகட்டும் என்று ஒற்றைப் பலகையைச் சாத்தின. கயிற்றைப் பிடித்துத் தயாராக நின்ற அரபு தேசத்து மொஹிதீன் முதலாளி கயிற்றை விட்டுவிட்டு, தொப்பியைச் சரி செய்து, "இன்னா லில்லாஹி" என்றார். அவர் விட்ட வேகத்தில் மற்ற கோடியைப் பிடித்திருந்த ஸ்கொட்லாந்து மல்லாந்து விழுந்தது.

வேலாயிக்கு யாரும் கை காட்டவில்லை. சாவுத்தப்புக் கேட்டபிறகு பாடாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. நீட்டிக்கொண்டிருந்த 'ஆ' அப்படியே வளைந்தது. கை தானாகப் போய் மாரில் விழுந்தது.

கான்வெட்டிச் சடையனுக்குக்
கரையேற நேரமாச்சோ
கருப்பட்டி திருடித்தின்ன
கையிரண்டும் ஓஞ்சாச்சோ

தகரம் கிடுகிடுக்கத்
தாக்குவியே கொறட்டையில
தலைமாட்டில் சத்தமில்ல
தவிக்கிறனே காம்பராவில்

ராசா இல்ல மந்திரி இல்ல
ராவுத்தன் குதிரை இல்ல
சேறுபட்ட காலுக்காரா ஒன்னச்
சொல்லாமத் தூக்கினமே

பூனைய அடிச்ச பாவம்
பொஞ்சாதி தலைமேல
பொறுத்துக்கோ என் சடையா
போற வழி பாத்துப்போயேன்

மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொரு அடிக்கும் ஏந்திக்கொண்டார்கள். இராக்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேலிக்கு வெளியே இருந்த பெண்கள் யார் செத்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு அவரவர் பிணத்தை நினைத்துக் கூடவே எடுத்தார்கள். துரை நிறுத்து நிறுத்து என்று குச்சியை வீசினார். அவர் வீச வீச, பார்த்தவர்கள் மனுஷன் எவ்வளவு உணர்ச்சியோடு பாட்டை நடத்துகிறார் என்று மெச்சினார்கள். தபால் கந்தோர் பெரியவர் எங்கே சேருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொர்னெட்டில் மெல்லக் கூடவே ஊதினார். போயர் கைத்துருத்தியைக் கீழே வைத்துவிட்டு, எரிந்த பண்ணைக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரிய மனிதர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். கான் வெட்டின சடையனுக்காக ஏழு தேசம் தொப்பியைக் கழற்றி நின்றது.

ஏஜன்ட் துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய கங்காணியிடம் கேட்டார், என்ன அர்த்தம் என்று. அங்கமுத்துக் கங்காணிக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஓடுகிறவர்களுடைய காலைப் புகழ்கிற பாட்டுங்க" என்றார். ஒரு வகையில் பொய்யில்லை.

அதற்குப் பிறகு ஓட்டம் எங்கே ஓடுவது? எல்லாருக்கும் மனசு கனத்துப் போய், ஓடினவர்கள் ஊர்வலம் போகிற மாதிரி ஓடினார்கள். தாண்டினவர்கள் தாண்டவே இல்லை. ஆனால் பாட்டைப் பற்றி மட்டும் ஊவா முழுக்கப் பேச்சு. துரை முதலில் கங்காணியைத் தொலைத்துவிடுவது என்றுதான் இருந்தார். ஏஜன்ட் துரை கையைப் பிடித்துக் குலுக்கியதும், பாட்டில் அந்த இடத்தைத் தானே கட்டியதாக ஒப்புக்கொண்டார்.

லயத்தில் மட்டும் ஒரு பயம் இருந்தது. பிணம் இல்லாமல் சாவுத்தப்பு அடித்தாயே, யாருக்கு என்ன வருமோ என்று பழனியாண்டிக் கிழவன் மூக்கனைப் பிடித்து உலுக்கினான். பயப்பட வேண்டிய ஆள் அவன்தானே. மூக்கன் சொன்னான்: "பொணம் இல்லாம எங்க மாமா அடிச்சேன்? அன்னிக்குச் சாக்குக்குள்ள கெடந்த அடிதான் அது. லேட்டா விழுந்துச்சு, அம்புட்டுத்தான்." கிழவனுக்கு அது சரியென்று பட்டது. வேலாயியோ வண்டியில் ஏறினவள் மலையேறி வரும்வரை வாயைத் திறந்தபடி தூங்கினாள். அவள் விட்ட குறட்டையில் வண்டி மாடு திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மறுவருஷம் விளையாட்டு நெருங்கியதும் பெரிய கங்காணி லயத்துக்கு வந்தார்.

"ஏ வேலாயி, தொரை ஒன்னைய மறுபடி பாடச் சொல்றாரு. போன தடவ பாடினதையே பாடணுமாம். அதே பாட்டு, அதே அடி."

வேலாயி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். "அதே பாட்டு எப்படிங்க பாடறது? அது சடையன் பாட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பாட்டுத்தான். அந்த ஆளு கேட்டுட்டுப் போயாச்சு. வேற பாட்டு வேணும்னா வேற யாராச்சும் சாகணும். தொரைக்கு அவசரம்னா அவர சாகச் சொல்லுங்க. பியானோவச் சேத்து வச்சு நல்லாவே பாடறேன். ராசான்னு பாட மாட்டேன், உள்ளதத்தான் பாடுவேன்."

கங்காணி பங்களாவுக்குப் போய், துரையின் அன்பை நினைத்து நினைத்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று இங்கிலீஷில் சொன்னார். துரை மிகவும் வருத்தப்பட்டு, தொண்டைக்கு நல்லது என்று ஒரு போத்தல் பிராந்தி கொடுத்தனுப்பினார்.

வேலாயி மூடியைத் திருகினாள். முதல் மூடியைப் பீலிப் பக்கம் கொண்டுபோய்ச் சடையனுக்கென்று ஊற்றினாள். அங்கே யாரும் நிற்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். போனவன் போய்ச் சேர்ந்துவிட்டான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் ஊற்றினாள். மிச்சத்தை அவளும் இராக்கம்மாவும் மூக்கனும் பழனியாண்டிக் கிழவனும் பகிர்ந்து குடித்தார்கள். துரைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று வேலாயி உண்மையாகவே வேண்டிக்கொண்டாள். உள்ளதைப் பாடுவதென்றால் துரைக்குப் பாட்டுக் கட்ட ஒரு வருஷமாவது வேண்டும்.